நீலமாகும் மதியம்

டாக்டர் நூர்ஜகான் சீட்டில் எழுதியது ஒரே வரி:
மாவுச்சத்தைக் குறைக்கவும்.
சிரித்துவிட்டேன்.
அவருக்குத் தெரியாது,
மாவுச்சத்துக்கு மார்க் போட்டுத்தான்
எனக்குச் சம்பளம்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒன்றரை கிலோமீட்டர்,
ஜவ்வரிசி ஆலையின் பின்கட்டில் என் லேப்.
கருமந்துறைக் கிழங்கு லாரியில் வந்து நிற்கும்.
தண்ணீருக்குள் அமுக்கி எடைபார்த்து
பாயிண்டு இருபத்தேழா இருபத்தெட்டா என்பேன்.
ஒன்று குறைத்துச் சொன்னால்
லோடுக்காரர் என் குலத்தையே இழுப்பார்.
சாயங்காலம் தலையை உதறினால்
தோளில் உதிர்வதும் மாவு.

இப்போது ரத்தத்திலும் பாயிண்டு ஏறியிருக்கிறது.
எட்டு புள்ளி ஒன்று.
இதற்கு யாரும் கூடுதல் விலை தருவதில்லை.

ஆக, தூக்குப்போசிச் சோறு போச்சு.
மதியத்துக்கு ரொட்டியா, சுருளா?

ரொட்டியின் பக்கம் நியாயம் இருந்தது.
ஐந்தரைக்குக் கிளம்புகிறவளுக்கு
அடுப்பைக் கேட்காத சாப்பாடு.
பழுப்பு ரொட்டி என்றால் பத்து ரூபாய் கூட.
வாங்கினேன்.
உறையின் முதுகில், எறும்பு எழுத்தில்,
மைதா, தண்ணீர், சர்க்கரை, ஈஸ்ட்,
அப்புறம் நிறத்துக்குக் கருக்கிய சர்க்கரை.
முழுக்கோதுமை கடைசிக்கு முன்னால் நின்றது,
கல்யாண போட்டோவில்
பாதி முகம் தெரியும் ஒன்றுவிட்ட மாமாவைப்போல.

சுருள், ஐந்து ரோடு பக்கம் புதுக்கடையில்.
அங்கே அதற்குப் பெயர் ராப்.
பச்சையாய் இருந்தது. கீரையாம்.
நூற்று நாற்பது ரூபாய்.
மெலிசுதானே, காகிதம் கனத்தில் என்ன வந்துவிடும்
என்று லேபுக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன்.
மயோனைஸ் வெள்ளத்தில்
நாலு இழை முட்டைகோஸ் கரைதேடிக்கொண்டிருந்தது.
வழித்துவிட்டு மேல்தோலை மட்டும் தராசில் வைத்தேன்.
எழுபத்தொரு கிராம்.
ரொட்டி, இரண்டு துண்டு சேர்த்து, ஐம்பத்தாறு.

மெலிந்தவர்களை நம்பக்கூடாது
என்றாள் பேக்கிங் பிரிவு தனபாக்கியம்,
தன் இடுப்பைத் தட்டிக்கொண்டு.

அவள்தான் அயோடின் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.
இதிலும் அதிலும் ஒரு சொட்டு.
எண்ணி மூன்று நொடி.
ரொட்டி கருநீலம்.
கீரைச் சுருள் கருநீலம்.
"ரெண்டும் ஒரே தறியில நெய்த சேலைடீ!"

அதற்குப்பிறகு வரிசை.
எடைமேடை மாதேசு தயிர்சாதத்தில் ஒரு பருக்கை கொண்டுவந்தான்,
நீலம்.
மேனேஜரின் ஓட்ஸ் பிஸ்கட், டயட் என்று பெயர் போட்டது,
நீலம்.
வாட்ச்மேனின் சுண்டல்கூட, பாவம்,
ஓரமாய் நீலம் தட்டியது.
அவித்த முட்டையின் வெள்ளையிலும்
வெள்ளரிப் பிஞ்சிலும் மட்டும்
துளி தன் பழுப்பிலேயே நின்றது.
சொட்டு விட்டதைத் தின்னக்கூடாது என்பதால்
அன்று எல்லோருக்கும் ஒரு வாய் குறைவு.
டாக்டர் கேட்டதும் அதுதானோ என்னவோ.

ராத்திரி கேழ்வரகு மாவில் ஒரு கைப்பிடி கோதுமை கலந்து தட்டினேன்.
சுருட்டினால் நடுவில் உடைகிறது.
உடையட்டும். உள்ளே இரண்டு முட்டை,
வதக்கிய அரைக்கீரை, வெள்ளரி.
ஸ்பூனால் அள்ளித் தின்றால்
அது சுருளும் இல்லை.
எழுந்திருக்க முடியாத நாளில் ரொட்டிதான்,
ஒரே துண்டு, மூடி இல்லாமல்.
சேர்வராயன் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி
மெதுவாக மென்றால் பன்னிரண்டு நிமிடம் வருகிறது.

மூன்று வாரம் ஒழுங்கு.

நேற்று பஸ் நிறுத்தத்தில் தள்ளுவண்டி.
இரண்டு தட்டுவடை,
நடுவே துருவின பீட்ரூட், கேரட், வெங்காயம்,
மேலே இரண்டு நிறச் சட்னி.
ரொட்டி அல்ல. சுருட்டியதும் அல்ல.
காய்கறி இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன்.

ஒரு செட்டு என்றேன்.
அயோடின் பாட்டில் லேபில்,
பூட்டிய அலமாரிக்குள் இருந்தது.